வெல்லத் தொடங்கிய அணியும் காலியான அறையும்

தோற்கிற அணியில் பிசியோவாக இருப்பது சுகமான வேலை. பிசியோதெரபி படித்து முடிக்கிற உங்களுக்கு இதை விரிவுரையாளர்கள் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உங்களில் சிலர் இந்த வருடம் விளையாட்டு அணிகளில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஐஸ் ஹொக்கியில் சிலர், பேஸ்பாலில் ஒருவர். மொன்றியலில் தமிழ்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியை விட்டு மைதானத்துக்கும் வருகிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு சந்தேகமும் இருக்கிறது. அணி நிர்வாகங்கள் படித்து முடித்த கையோடு வருகிறவர்களை விரும்பி எடுப்பது கெட்டிக்காரர்கள் என்பதற்காக மட்டுமல்ல. உங்களுக்கு இன்னும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நான் இப்படித்தான். கோயில் பிரசாதத்தையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன் என்று என் கணவர் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர் கதிரையிலிருந்து எழும்பும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்று இன்றைக்கும் பார்ப்பேன். சில பேருக்கு இது பிடிப்பதில்லை.

இதைப் பழக்கிவிட்டவர் ஒரு பெண்மணி. கொழும்பில் படித்த படிப்பு இங்கே போதாது என்று என்னை மறுபடி பரீட்சை எழுத வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே வேலை பழகினேன். நோயாளி வந்ததும் எங்கே நோகிறது என்று கேட்கப் போனேன். என்னைத் தடுத்து, அவர் குளிர்கோட்டைக் கழற்றுவதை முதலில் பார் என்றார். எந்தத் தோளிலிருந்து கழற்றுகிறார், எந்தக் கை பின்னால் போக மறுக்கிறது என்று பார்த்து முடித்த பிறகு வாயால் சொல்வதைக் கேட்டால் போதும் என்றார். மனுஷர் நோவை ஏன் மறைக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, அவர்களுக்கு வேறு ஏதோ ஒன்று அதைவிட முக்கியமாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

பேஸ்பால் அணிக்கு நான் வந்தபோது அது பட்டியலின் அடியில் கிடந்தது. பெரிய அணி ஒன்று இந்த நகரத்தை விட்டுப் போய்க் கனகாலம். அதற்குப் பிறகு இங்கே பேஸ்பால் என்று யாராவது வாயைத் திறந்தால் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஒருமுறை கைவிடப்பட்டவர்கள் சுலபமாகக் கைதட்ட மாட்டார்கள் அல்லவா. எங்களுடையது சின்ன லீக், சின்ன மைதானம், பாதிக் கதிரைகளில் ஆளில்லை. என் அறை பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்தது. ஆட்களைப் படுக்கவைத்துப் பார்க்க ஒரு மேசை, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஐஸ் இயந்திரம், அவ்வளவுதான்.

அந்த அறை அப்போதெல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஒருவனுக்குக் கணுக்கால், இன்னொருவனுக்கு முதுகு, மூன்றாமவனுக்கு ஒன்றுமே இல்லை, வெயிலில் நிற்க மனமில்லை. எப்படியும் தோற்கத்தான் போகிறோம் என்றால் நோவைச் சொல்ல ஒருவரும் வெட்கப்படுவதில்லை. வெல்லலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் கதை வேறு. இடம் போய்விடும் என்று பயந்து ஒளிக்கத் தொடங்குவார்கள். ஆகவே ஓர் அணி மறுபடி எழும்புமா என்று அறியப் பத்திரிகைக்காரர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்க்க, நான் என் மேசையைப் பார்ப்பேன். மேசை காலியாகத் தொடங்கினால் அணி எழும்பப் பார்க்கிறது என்று அர்த்தம். நீங்கள் கண்ணைக் கழுவிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய நேரமும் அதுதான்.

ஒரு வசந்தத்தில் புது முகாமையாளர் ஒருவர் வந்தார். புவாண்ட்-கிளேரில் ஏதோ கம்பனியின் விற்பனைப் பகுதியை நடத்தியவர். நல்ல சப்பாத்து, நல்ல பல். இந்த வருடமே இறுதிச் சுற்றுக்குப் போவோம் என்றார். அவருக்கு முன்னால் வந்த எல்லோரும் அதையே சொல்லியிருந்ததால் நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஆனால் இவர் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னார். இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டால் முதலாளிமார் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றார். அது உண்மையா, பயமுறுத்தலா என்று எனக்குத் தெரியாது. விளையாடுகிறவர்கள் அதை நம்பினார்கள்.

அணி வெல்லத் தொடங்கியது. அதற்குப் பெரிய காரணம் கஜன். வில்லரேயில் பிறந்து வளர்ந்த பெடியன், இருபத்திரண்டு வயசு, எங்கள் பந்தெறிபவர்களில் முதலாவது ஆள். தகப்பன் தவராசா டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்குகிறவர். மகன் எறிகிற நாட்களில் வேலையில் ஆள் மாற்றிக்கொண்டு வந்து ஆட்டக்காரர் இருக்கிற எங்கள் வாங்குக்கு மேலே உள்ள வரிசையில் இருப்பார். வரும்போது எனக்கென்று இறைச்சி றோல்ஸ் கொண்டுவருவார். நான் மணந்து பார்க்காமல் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான். மற்றப் பெடியன்களின் தகப்பன்மார் என்னைக் கண்டால் மகனின் கை எப்படி, தோள் எப்படி என்று பிய்த்து எடுப்பார்கள். தவராசா ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் வந்தபோது என் அறை காலியாகிவிட்டது. ஐஸ் எடுக்கக்கூட ஒருவரும் வரவில்லை. முகாமையாளர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்து, ஆளில்லாத மேசையைப் படம் பிடித்தார். முதலாளிமாருக்கு அனுப்பப் போகிறாராம்.

"பாருங்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அணி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது," என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ஒருவரும் வராவிட்டால் ஊரில் வருத்தம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பீர்களா, வாசல் பூட்டியிருக்கிறது என்று நினைப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

இறுதிச் சுற்றுக்குப் போவதைத் தீர்மானிக்கிற ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது. வென்றால் உள்ளே, தோற்றால் அந்த வருடம் முடிந்தது. அன்றைக்குத்தான் கதிரைகள் நிரம்பியிருந்ததைக் கண்டேன். கஜன் எறிந்தான். ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடிந்தபோது எதிரணியால் அவனிடமிருந்து ஒழுங்காக ஒரு அடிகூட எடுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் பேஸ்பால்காரரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தெறிபவர் இப்படி ஒரு அடியும் கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தால் அவரோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கக் கூடாது. என்ன நடக்கிறது என்று வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் கெட்டுவிடும். முதன்முதல் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாவூறு படும் என்று நாங்கள் பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைப்பதில்லையா, அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோவை ஒளிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? கேள்வி கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் தாங்களாகவே வாயைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

கஜன் வாங்கின் ஒரு அந்தத்தில் தனியாக இருந்தான். நான் மற்ற அந்தத்தில் இருந்து பார்த்தேன். வலக்கைக்காரன், தொப்பியை இடக்கையால் சரி செய்தான். தண்ணீர்ப் போத்தல் மூடியைப் பல்லால் திறந்தான். கடைசி இரண்டு இன்னிங்ஸில் முழங்கையைக் கூட வருத்துகிற அவனுடைய வளைந்து விழும் பந்து ஒன்றும் வரவில்லை, எல்லாம் நேர்ப்பந்து. அவனுக்குப் பந்து பிடிப்பவன் அனுபவசாலி, எந்தப் பந்தை எறிவது என்று சைகையால் கேட்கிறவனும் அவன்தான். நான் அவனிடம் போய், ஏன் வளைபந்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாய் என்றேன்.

"நேர்ப்பந்து நன்றாகத்தானே போகிறது," என்றான். சொல்லும்போது முழங்கால் காப்பின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அவனுக்கும் தெரியும் என்று விளங்கியது. நான் எழுந்து நடந்து போய்க் கஜனுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாங்கு முழுவதும் அப்படியே உறைந்துபோனது. ஒருவன் என்னைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"கஜன், சின்னவிரல் விறைக்குதோ?" என்றேன். முழங்கையின் உட்பக்கம் கெட்டால் அந்த விரல் காட்டிக்கொடுக்கும்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "அன்ரி, இப்ப கதைக்கக் கூடாது."

"தெரியும். விறைக்குதோ?"

"இல்லை."

"எப்ப துவங்கினது?"

"ஒண்டுமில்லை எண்டுறன்."

பேஸ்பால்காரர் ஆட்டம் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். வாங்கில் ஒரு குவளை நிறைய இருந்தது. அதை அவனுக்கு முன்னால் வைத்தேன்.

"இதிலை ஒண்டை எடு பாப்பம். பெருவிரலாலையும் சின்னவிரலாலையும்."

என்ன விளையாட்டு இது என்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு எடுத்தான். விதை நழுவி விழுந்தது. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் விழுந்தது.

"வேர்வை அன்ரி. வழுக்குது."

என் துவாயால் அவன் கையைத் துடைத்து, விரல் விரலாக உலர்த்தி, விதையை நானே இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்தேன். அவனால் அதைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. முழங்கையின் உட்பக்கத்தில் இலேசாக அழுத்தினேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் இடக்கை வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு," என்றான். குரல் இறங்கிவிட்டது. "முடிச்சிட்டு வாறன். பேந்து நீங்கள் என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

"பேந்து செய்ய ஒண்டும் மிஞ்சாது, ராசா."

"அப்பா மேலை இருக்கிறார். மாமா ஆக்களும் ரொறொன்ரோவிலையிருந்து வந்திருக்கினம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ அன்ரி."

"அவையளுக்கு நான் சொல்லுறன்."

"நீங்கள் என்ரை வாழ்க்கையைக் கெடுக்கிறியள்."

பிள்ளைகளே, அந்த நேரத்தில் நான் உறுதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயம். எல்லாரையும் சந்தேகிக்கிற எனக்கு என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே வேர்வையாக இருந்தால்? விறைப்பு ஒரு கிழமை ஓய்வில் போய்விடக்கூடியதாக இருந்தால்? அணி ஊர் மாறிப்போனால் டிக்கெட் விற்கிறவர், புல்லு வெட்டுகிறவர், நான், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஸ்கேன் இயந்திரம் இல்லை. கேட்டுப் பார்க்க வைத்தியர் இல்லை. பக்கத்தில் இருந்தது ஒரு குவளை விதை மட்டும்.

நான் யோசித்தது இவ்வளவுதான். நான் பிழை விட்டால், எந்தப் பிழையை நாளைக்குத் திருத்தலாம்? தோற்ற அணி அடுத்த வருடமும் ஆடலாம், வேறு ஊரிலாவது ஆடலாம். முழங்கையின் உட்பக்கத்தைப் பிடித்திருக்கிற நார் முழுதாக அறுந்தால் இந்தப் பெடியனுக்கு இந்தக் கை திரும்பி வராது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அப்போது சரி எது என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். திருத்த முடியாதது எது என்று பாருங்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில் காயம் பற்றிய கடைசிச் சொல் பிசியோவுடையது என்று இருந்தது. அதை அதுவரை யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை. நான் பயிற்சியாளரிடம் போய், கஜன் இனி எறிய முடியாது என்றேன்.

"நீ அவனோடு கதைத்தாயா?" என்று கேட்டார்.

நான் ஒருவனுடைய கையைப் பற்றிச் சொல்கிறேன், அந்த மனுஷன் நான் வாயைத் திறந்ததைப் பற்றிக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. திருப்பிச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அதற்குள் முகாமையாளர் மேலே இருந்து ஓடிவந்தார்.

"இந்த ஆட்டத்தின் முக்கியத்துவம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனால்தான் அவன் பொய் சொல்கிறான்," என்றேன்.

அவர்கள் வேறு ஒருவனை அனுப்பினார்கள். ஒரு அடியும் கொடுக்காதவனை ஏன் மாற்றுகிறார்கள் என்று சனத்துக்கு விளங்கவில்லை. கூ அடித்தார்கள். புதிதாகப் போனவன் பாவம், அந்தச் சத்தத்துக்குள் எறிந்து அடிமேல் அடி வாங்கினான். நாங்கள் தோற்றோம். கஜன் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தான். அன்றைக்கு அதற்குப் பிறகு என்னோடு ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அணிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வேறு ஊருக்குப் போகவில்லை. முதலாளிமார் மனம் மாறியதாக முகாமையாளர் அறிவித்தார். வாங்குவதற்கு ஆள் வரவில்லை என்பது என் ஊகம். அடுத்த வசந்தத்திலும் அவர் அதே பல்லோடு வந்து, இந்த வருடம் இறுதிச் சுற்று என்றார். ஆனால் அந்த வருடம் இரண்டு மூன்று பேர் தாங்களாகவே என் அறைக்கு வந்து, போட்டி கிடக்கிறது, ஆனாலும் நோகிறது என்று சொன்னார்கள். வெல்ல ஆசையும் வேண்டும், நோவைச் சொல்லும் துணிவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கிற அணி எழும்பக்கூடும் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். எழும்பும் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஆட்டம் முடிந்து சில நாட்களில் நடந்தது. கஜனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நார் பாதி கிழிந்திருந்தது. நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள் என்று வைத்தியர் சொன்னார். ஆறுதலுக்கும் அப்படிச் சொல்வார்கள் என்பதால் படத்தை வாங்கி நானே பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நீண்ட ஓய்வு எடுத்தால் சத்திரசிகிச்சை இல்லாமலே மறுபடி எறியக்கூடும் என்றார்.

வெளியே ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் தவராசா நின்றார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். மகன் உள்ளே கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தான். இந்த மனுஷன் என்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அக்கா," என்றார். "ரெண்டு கிழமையா அவன் சோத்தைக் கரண்டியாலைதான் சாப்பிட்டவன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கையாலை குழைச்சுச் சாப்பிடுறவன். திடீரெண்டு கரண்டி கேட்டான். விளையாட்டுப் பெடியளோடை சேந்து பழகீட்டான் எண்டு மனிசி சொன்னா. நானும் ஓம் எண்டனான்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனால் எனக்குத் தெரியும் அக்கா. கரண்டியையும் இடக்கையாலைதான் பிடிச்சவன்."

"தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?"

"கேட்டால் சொல்லிப்போடுவான். சொன்னால் நான் நிப்பாட்ட வேணும். அதாலை கேக்கேல்லை."

எனக்குச் சரியான கோபம் வந்தது. பயிற்சியாளரில் வந்ததைவிடக் கூட. பந்து பிடிப்பவனையும், பயிற்சியாளரையும், அந்தப் பெடியனையும் நான் உரித்து உரித்துப் பார்த்தேன். இவர் தந்ததை வாங்கி நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் கண் கலங்கி நின்றார். கோபம் இருந்த இடத்தில் இரக்கமும் வந்துவிட்டது.

"அவன் என்னோடை கதைக்கிறானில்லை," என்றார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"என்னத்தை?"

"நோகுதோ எண்டு."

நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில், மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவராசா தொண்டையைச் செருமினார்.

"கஜன், நோகுதோ?"

"ஸா வா, அப்பா," என்றான் அவன். பரவாயில்லை என்று இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற பிரெஞ்சு.

"பிரெஞ்சிலை வேண்டாம். நோகுதோ?"

நான் கதவை மூடவில்லை. மூடியிருக்க வேண்டும், ஆனால் மூடவில்லை.

"ஓம் அப்பா," என்றான் கஜன். "சரியா நோகுது."